தாத்தா காலத்து ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்? பெரிசு வேண்டாம், பொருத்தமானது போதும்!

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் பென்சில்வேனியா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் பேச்சே வேறு. மான் வேட்டைப் பருவம் வந்தாச்சு. தாத்தா வைத்திருந்த பழைய ரைஃபிள் அலமாரியில் இருந்து வெளியே வரும். அதை எண்ணெய் போட்டுத் துடைக்கும் பேரனுக்கு அடுத்து ஒரு யோசனை தோன்றும்: ‘இதுக்கு ஒரு நல்ல ஸ்கோப் மாட்டினா என்ன?’

நல்ல யோசனைதான். ஆனால், கடைக்குப் போனதும் விஷயம் திசை மாறிவிடுகிறது. இருப்பதிலேயே பெரிய லென்ஸ், அதிக ஜூம் கொண்ட ஸ்கோப்பைக் கைகாட்டுகிறார்கள். அது பழைய துப்பாக்கிக்குப் பொருந்துமா என்ற கேள்வியே பல நேரம் எழுவதில்லை. இந்தத் தேர்வு தவறினால் நஷ்டம் பணத்தோடு போகாது. குறி பிசகி, காயத்தோடு காட்டுக்குள் ஓடி அணு அணுவாகச் சாகும் மானுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. உரிமம், பருவம், எத்தனை மான் என்ற வரம்பு எல்லாவற்றையும் மாநில அரசுகள் நிர்ணயிக்கின்றன. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி, ரைஃபிள், தோட்டா விற்பனை மீதான 11 சதவீத வரி வன உயிரினப் பாதுகாப்புக்குப் போகிறது. அனுமதிக்கப்பட்ட வேட்டை என்றால், அதைச் சுத்தமாகச் செய்யும் பொறுப்பும் கூடவே வருகிறது. ஒரே குண்டில், துடிக்க விடாமல். ஸ்கோப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஸ்கோப் எதற்கு?

பழைய ரைஃபிள்களில் இரும்புக் குறிகள்தான் இருக்கும். கண்ணுக்கு அருகில் ஒரு பள்ளம், குழல் முனையில் ஒரு மேடு. இரண்டையும் நேராக்கி, தூரத்தில் நிற்கும் மானோடு சேர்க்க வேண்டும். அதாவது, வெவ்வேறு தூரத்தில் இருக்கும் மூன்று பொருள்களைக் கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். இருபது வயதில் இது சுலபம். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்துவிட்டால் பின்னால் இருக்கும் பள்ளம் மங்கலாகிவிடும்.

ஸ்கோப் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. குறுக்குக்கோடும் மானும் ஒரே தளத்தில் தெரியும். கோட்டை வைத்தால் போதும். உண்மையில் ஸ்கோப் தரும் முதல் நன்மை இதுதான். பெரிதாக்கிக் காட்டுவது இரண்டாம்பட்சம். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் தப்பான ஸ்கோப் வீட்டுக்கு வருகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஸ்கோப் பெட்டியில் ‘3-9x40’ என்று இருந்தால், 3 மடங்கு முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். ‘4x32’ என்றால் மாறாத 4 மடங்கு, 32 மில்லிமீட்டர் லென்ஸ்.

செல்போன் கேமராவில் ‘100x ஜூம்’ என்று விளம்பரம் வரும். அதை வைத்து எடுத்த படம் எப்படி ஆடும், எவ்வளவு இருட்டாக வரும் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். ஸ்கோப்பிலும் அதே கதைதான். ஜூம் கூடக்கூட மூன்று விஷயங்கள் குறைகின்றன.

ஒன்று, பார்வைப் பரப்பு. 100 கஜ தூரத்தில் 4 மடங்கு ஸ்கோப் சுமார் 25 முதல் 30 அடி அகலத்தைக் காட்டும். 9 மடங்கில் அது 12 முதல் 14 அடியாகச் சுருங்கிவிடும். அடர்ந்த காட்டில் 30 கஜ தூரத்தில் மான் திடீரென்று குறுக்கே வந்தால், 9 மடங்கில் பழுப்பு நிற ரோமம் மட்டும்தான் தெரியும். அது தோளா, தொடையா என்று கண்டுபிடிப்பதற்குள் மான் போயே போச்சு.

இரண்டு, வெளிச்சம். லென்ஸின் விட்டத்தை ஜூமால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4x32 ஸ்கோப்பில் அது 8 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் லென்ஸை 9 மடங்கில் வைத்தால் வெறும் 4.4. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதானால் அது குறைந்துகொண்டே வரும். மான்கள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும்தான். அந்த நேரத்தில் குறைந்த ஜூம் கொண்ட சின்ன ஸ்கோப், அதிக ஜூமில் வைத்த பெரிய ஸ்கோப்பைவிடப் பிரகாசமாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

மூன்று, நிதானம். ஜூம் மானை மட்டும் பெரிதாக்குவதில்லை. கை நடுக்கத்தையும் மூச்சு இரைப்பதையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆடும் கோட்டைப் பார்த்துப் பதறி விசையை வெடுக்கென்று இழுப்பவர்கள் உண்டு.

துப்பாக்கியின் வரம்பு எவ்வளவு?

வின்செஸ்டர் மாடல் 94-ஐ எடுத்துக்கொள்வோம். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1894-இல் சந்தைக்கு வந்தது. 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அமெரிக்காவில் ‘மான் ரைஃபிள்’ என்றாலே பலர் மனதில் வருவது இதுதான். பெரும்பாலும் .30-30 தோட்டா போடுவார்கள்.

இந்தத் தோட்டாவை 100 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 200 கஜத்தில் அது ஏறக்குறைய 7, 8 அங்குலம் தாழ்ந்து போகும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே சுமார் 8 அங்குல வட்டம்தான். அதனால், நேர்மையான வேட்டைக்காரர்கள் .30-30-ஐ 150 கஜத்தைத் தாண்டிச் சுட யோசிப்பார்கள்.

பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் 100 கஜத்தில் மூன்று அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைப் போட்டால் அதுவே நல்ல ரைஃபிள். அதன் மேல் 18 மடங்கு ஸ்கோப்பை மாட்டினாலும் அந்த மூன்று அங்குலம் ஒரு அங்குலமாகிவிடாது. குழல் செய்ய முடியாததைக் கண்ணாடி செய்யாது. பெரிய ஜூம், சுடக் கூடாத தூரத்தில் நிற்கும் மானைச் சுடச் சொல்லி ஆசை காட்டுவதுதான் மிச்சம்.

எல்லா ரைஃபிளிலும் மாட்ட முடியுமா?

முடியாது. முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான்.

பழைய வின்செஸ்டர் 94, சுட்டபின் காலித் தோட்டாவை மேல் நோக்கி எறியும். அந்த இடத்தில் ஸ்கோப் இருந்தால் தோட்டா எங்கே போகும்? 1980-களில்தான் தோட்டாவைப் பக்கவாட்டில் சாய்த்து எறியும்படி வடிவமைப்பை மாற்றினார்கள். அதற்கு முந்தையவற்றுக்கு, ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி மாட்ட வேண்டும், அல்லது குழல் மேல் முன்னால் தள்ளி மாட்டி, கண்ணிலிருந்து 9, 10 அங்குலம் விலகியிருந்தாலும் படம் தெரியும் ‘ஸ்கவுட்’ வகையை வாங்க வேண்டும்.

1948-இல் வந்த மார்லின் 336-இல் இந்தத் தொல்லை இல்லை. காலித் தோட்டா பக்கவாட்டில் விழும். மேல்பக்கம் தட்டையாக, மூடியபடி இருக்கும். ஆனாலும் லீவர் ரைஃபிள்களில் ஸ்கோப்புக்கு அடியில் சுத்தியலைக் கட்டைவிரலால் பிடிக்க இடம் போதாது. அதற்குப் பக்கவாட்டில் நீளும் சின்ன நீட்டிப்பை மாட்ட வேண்டும். இல்லையென்றால் குளிரில் விரைத்த விரல் வழுக்கி, சுத்தியல் விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

பழைய ராணுவ மவுசர் ரைஃபிளை வேட்டைக்கு மாற்றியிருந்தால் வேறு பிரச்சினை. போல்ட்டின் கைப்பிடியும், மேலே எழும்பி நிற்கும் பாதுகாப்புக் கொண்டியும் ஸ்கோப்பில் இடிக்கும். இரண்டையும் மாற்றாமல் வேலை ஆகாது.

இன்னொன்று, கட்டையின் உயரம். இரும்புக் குறிக்காகச் செய்த பழைய ரைஃபிளில் பின்கட்டை தாழ்வாக இருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட ஸ்கோப் குழலில் இடிக்காமல் இருக்க, அதை உயரத் தூக்கி மாட்ட வேண்டும். அப்புறம் கன்னம் கட்டையில் படியாது. தலை அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையும் கண் வேறு வேறு இடத்தில் இருந்தால் குறி எப்படி ஒரே மாதிரி விழும்?

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது மூன்றரை அங்குலம் இடைவெளி தரும் ஸ்கோப்பாகவும் இருக்க வேண்டும். எடை குறைந்த பழைய ரைஃபிள் நன்றாகவே உதைக்கும். இடைவெளி போதாவிட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவத்தில் வெட்டிவிட்டுப் போகும்.

துளை போடும் முன்...

1964-இல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் தன் தயாரிப்பு முறையை மாற்றியது. அதனால், அதற்கு முந்தைய மாடல் 94, மாடல் 70 ரைஃபிள்களைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். தொழிற்சாலையில் இருந்து வந்த நிலை மாறாமல் இருந்தால்தான் அந்த மதிப்பு. ஸ்கோப் மாட்டுவதற்காகப் புதிதாக நாலு துளை போட்டால் விலை சரிந்துவிடும். போட்ட துளையை அடைத்தாலும் பழைய நிலை திரும்பாது.

அப்படிப்பட்ட ரைஃபிளுக்கு ஸ்கோப்பே வேண்டாம் என்பதுதான் நல்ல முடிவு. சின்ன வட்டத் துளை வழியாகப் பார்க்கும் ‘பீப்’ குறி போதும். ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே அதைப் பொருத்த முடியுமா என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேட்கலாம். பின்குறியைக் கண் கவனிக்கவே வேண்டாம். துளை வழியே பார்த்தாலே முன்குறி தானாக நடுவில் வந்து நிற்கும். வெள்ளெழுத்துக்காரர்களுக்கும் ஓரளவு கைகொடுக்கும்.

அப்போ எதை வாங்குவது?

காட்டுக்குள் சுடும் லீவர் ரைஃபிளுக்கு மாறாத 4 மடங்கு, அல்லது 1.5-5, 2-7 போன்ற சின்ன ஸ்கோப். முன்லென்ஸ் 32, 33 மில்லிமீட்டருக்குள். அடித்துச் சொல்லலாம், அதற்கு மேல் தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டெக்சாஸின் எல் பாசோவில் தயாரான வீவர் கே4 போன்ற 4 மடங்கு ஸ்கோப்புகளை வைத்தே ஒரு தலைமுறை வேட்டைக்காரர்கள் காலத்தை ஓட்டினார்கள். மானின் உடல் அன்றைக்கு இருந்த அளவில்தான் இன்றைக்கும் இருக்கிறது.

‘3-9 வாங்கி 3-லேயே வைத்துக்கொண்டால் போச்சு’ என்று சிலர் சொல்வார்கள். நியாயமான வாதம்தான். வயோமிங் போன்ற மேற்கத்திய மாநிலங்களின் திறந்த வெளியில், .270 தோட்டா போடும் மாடல் 70 வைத்திருப்பவருக்கு 3-9x40 சரியான தேர்வே. அங்கே 250 கஜம் சாதாரண தூரம். ஆனால், காட்டில் நடப்பது என்ன? தூரத்தில் அசைந்ததைப் பார்க்க 9-க்குத் திருப்புகிறார்கள். திரும்பக் குறைக்க மறந்துவிடுகிறார்கள்.

இதில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அசைந்தது மானா, மனிதரா என்று ஸ்கோப் வழியே பார்ப்பது, குண்டு போட்ட துப்பாக்கியை ஒரு மனிதரை நோக்கி நீட்டுவதற்குச் சமம். அடையாளம் காண்பது பைனாகுலரின் வேலை. மான் என்று உறுதியான பிறகுதான் ரைஃபிள் தோளுக்கு வர வேண்டும். ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து ஒரு நல்ல பைனாகுலர் வாங்குவது உயிர் காக்கும் செலவு.

வாங்கும் முன் இரண்டு விஷயங்களை விசாரிக்க வேண்டும். உள்ளே நைட்ரஜன் போன்ற உலர்ந்த வாயு நிரப்பி அடைத்த ஸ்கோப்பா என்பது ஒன்று. வெப்பநிலை சட்டென்று மாறும்போது உட்புறம் பனி படியாமல் இருப்பது அதனால்தான். பழைய ரைஃபிளோடு வந்த 1950-களின் ஸ்கோப்பில் இந்த வாயு கசிந்துபோயிருக்கலாம். இன்னொன்று, ரிங், பேஸ் இரண்டும் தரமானவையா என்பது. ஸ்கோப்புக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, அதைத் தாங்கும் திருகாணியில் கஞ்சத்தனம் காட்டினால் மொத்தமும் வீண்.

மாட்டியதும் முடிந்துவிடாது

முதலில் ரைஃபிளையே ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஐம்பது அறுபது வருடம் பழசு. சுடத் தகுதியானதுதானா என்று தெரிய வேண்டாமா? அப்புறம் 25 கஜத்தில் தொடங்கி 100 கஜத்துக்குக் குறி சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு ‘கிளிக்’ 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கஜத்தில் அதே கிளிக் பதினாறில் ஒரு பங்கு அங்குலம்தான். இது தெரியாமல் 25 கஜத்தில் நாலு கிளிக் திருப்பிவிட்டு, ‘ஸ்கோப் வேலை செய்யவில்லை’ என்று குறைசொல்பவர்கள் உண்டு. வேட்டைக்குப் போடப்போகும் அதே தோட்டாவால்தான் குறி பார்க்க வேண்டும். தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும்.

மேஜையில் சாய்த்துச் சுட்டுப் பார்த்தது போதாது. மண்டியிட்டு, நின்று, கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். அப்படிச் சுடும்போது 8 அங்குலத் தட்டில் எந்தத் தூரம் வரை எல்லாக் குண்டும் விழுகிறதோ, அதுதான் அந்த வேட்டைக்காரரின் எல்லை. அது 80 கஜம் என்றால் 80 கஜம்தான். அதற்கு அந்தப் பக்கம் நிற்கும் மான், ஸ்கோப்பில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், அது போகட்டும்.