ஆன்மாவைத் தேடி துபாய் போகிறவர்கள்

துபாய் போய்வந்த நம் ஆட்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் புர்ஜ் கலிஃபாவின் கீழே நின்று படம் எடுத்து, 'பாலைவனத்தையே சொர்க்கமாக்கிவிட்டார்கள், நம் நாடு எப்போது திருந்தும்?' என்று போடுவார்கள். அவர்களை விட்டுவிடலாம். என் பிரச்சினை இரண்டாம் வகையினரோடுதான். இவர்கள் வாசிப்பவர்கள், கூட்டங்களில் பேசுகிறவர்கள். "ஊரு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆன்மா இல்ல" என்பார்கள். கண்ணாடியும் சிமெண்டும்தானாம், வரலாறு கிடையாதாம், பண்பாடு கிடையாதாம். இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு கனம் வந்துவிடும்.

போன ஜூலையில் அங்கே ஆறு நாள் இருந்தேன். விமானம் ஏறும்போதே அந்த வாக்கியத்தை நானும் தயாராக வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்று நாள் அது நன்றாகவே உழைத்தது. ஓட்டுநர் இல்லாத மெட்ரோவிலும் காசு உள்ளவனுக்குத் தனிப் பெட்டி. வெளியே மூச்சு முட்டும் வெயில், ஒரு பேரங்காடிக்குள்ளே 2005இலிருந்து பனிச்சறுக்கு. 828 மீட்டர் கோபுரத்தைக் கட்டும் காலமெல்லாம் 'புர்ஜ் துபாய்' என்றுதான் அழைத்தார்கள். 2010 ஜனவரி 4 அன்று திறந்துவைக்கும்போது பெயர் மாறிவிட்டது. கடன் நெருக்கடியில் கைகொடுத்த அபுதாபியின் ஆட்சியாளர் பெயர் அதற்கு வந்தது. பெயரையே அடகு வைத்த கோபுரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதை நானே ரசித்தேன் வேறு.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேராவில், ஓடைக்கரையில், அப்ரா படகுக்காக உட்கார்ந்திருந்தேன். அக்கரைக்கு ஒரு திர்ஹாம். சுற்றிலும் வங்காளி, நேப்பாளி, பட்டாணி, மலையாளி, தெலுங்கு. போனில் வீட்டைக் காட்டுகிறார்கள், வீட்டுக்கு முகத்தைக் காட்டுகிறார்கள். நான் போனில் பேசிய தமிழைக் கேட்டு பக்கத்தில் இருந்தவர் திரும்பினார்.

"அண்ணே மலேசியாவா? எங்க தாத்தா பினாங்குல இருந்தாருண்ணே."

ராமநாதபுரத்துக்காரர். சென்ட்ரிங் வேலை, பதினான்கு வருடம். தங்குவது சோனாப்பூரில், ஒரு அறையில் எட்டுப் பேர். "இந்தில தங்க ஊருன்னு அர்த்தமாம்ணே" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எதிரே ஒரு கட்டடத்தைக் காட்டி, "அதுல பதினேழாவது மாடி வரைக்கும் நம்ம கைதான்" என்றார்.

"முடிஞ்ச பிறகு உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்குண்ணே? கேட்ல ஆள் நிக்கிறான்ல."

வெயில் காலத்தில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. மூன்று மணிக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "கம்பியத் தொட முடியாதுண்ணே, துணி சுத்திக்குவோம்."

இப்போது சொல்லுங்கள், எந்த ஆன்மாவைக் காணவில்லை? அந்த ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெளியூர்க்காரர்கள். வேலை போனால் விசாவும் போகும். அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை கிடையாது. முதலீட்டாளர் போன்றவர்களுக்கு மட்டும் 2019இலிருந்து நீண்டகாலத் தங்கல், அதற்குப் பெயரும் கோல்டன் விசா. தொழிற்சங்கம் கூடாது, வேலைநிறுத்தம் கூடாது. அப்படியிருந்தும் 2006 மார்ச்சில் அதே புர்ஜ் கட்டுமான இடத்தில் சுமார் 2,500 பேர் கூலிக்காகக் கொதித்து எழுந்தார்கள். இது வரலாறு இல்லையென்றால் வேறு எது வரலாறு? ராஜா கட்டிய கோயில் இருந்தால்தான் ஒத்துக்கொள்வீர்களா? இலக்கியமா வேண்டும்? அபுதாபியில் வளர்ந்த தீபக் உன்னிகிருஷ்ணன் 2017இல் 'டெம்ப்ரரி பீப்பிள்' எழுதினார். தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது.

ஆன்மா இல்லை என்று சொல்வது நகரத்தின் மேல் வைக்கும் விமர்சனம் மாதிரி தெரியும். ஆனால் ஆட்சியாளரை அது ஒரு கீறல்கூடக் கீறாது. கம்பியில் துணி சுற்றிப் பிடித்தவனைத்தான் அது இல்லாதவன் ஆக்குகிறது. கட்டியவனை வாசலில் தடுக்கிறான் காவலாளி. நாம் வாக்கியத்திலேயே தடுக்கிறோம்.

நமக்கு இது தெரியாதா என்ன? ரப்பர் மரம் வரிசையாக நின்ற படங்களில் நம் தாத்தா பாட்டிகள் மரத்துக்குப் பின்னால் நிழலாக இருப்பார்கள். 'தோட்டத்துக்காரனுக்கு என்ன பண்பாடு' என்று பட்டணத்துத் தமிழரே சொன்ன காலம் இருந்தது. என் பாட்டி லயத்தில் அறுபது வருடம் இருந்து, சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போனார்.

அதெல்லாம் மறந்து இன்று நாம் என்ன சொல்கிறோம்? "ஞாயித்துக்கெழம கோத்தாராயா பக்கம் போவாதீங்க, ஒரே பங்களா பசங்க." இரட்டைக் கோபுரத்தில் ஒன்றைக் கட்டிய அதே கொரிய நிறுவனம்தான் புர்ஜையும் முன்னின்று கட்டியது. இங்கே சாரத்தில் நின்றவன் யார், எங்கே தங்கினான் என்று நம்மில் எத்தனை பேர் ஒரு வரி எழுதியிருக்கிறோம்? நான் எழுதவில்லை.

படகு வந்தது. ஏறும்போது அவர் கேட்டார்: "மலேசியாவுல சென்ட்ரிங் ஆளுக்கு என்ன சம்பளம்ணே குடுக்குறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஆயிரத்து ஐந்நூறு, ரெண்டாயிரம் ரிங்கிட் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவர் அதை திர்ஹாமுக்கு மாற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.