இரண்டு டிக்கெட், ஒரே பிரயாணம்: நஷ்டம் யார் தலையில்?

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்து ஓடுபாதையில் வெள்ளம் நின்றது. விமானங்கள் நிறுத்தப்பட்டன, மறுநாள் காலையில்தான் மீண்டும் கிளம்பின. அன்றைக்குச் சென்னையிலிருந்து மும்பை போய், அங்கே வேறொரு கம்பெனியின் விமானம் ஏறி, ரியாத்துக்குப் போக வேண்டியிருந்த ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் இருப்பவை தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகள்.

சென்னை விமானம் ரத்து. அந்தக் கம்பெனி வேறொரு விமானத்தில் மும்பைக்கு இடம் தரும், அல்லது சென்னை–மும்பைப் பணத்தைத் திருப்பித் தரும். அத்தோடு அதன் கடமை தீர்ந்தது. மும்பையில் ஓடுபாதை காய்ந்து கிடக்கிறது. ரியாத் விமானம் வேளைக்குக் கிளம்பிப் போய்விடுகிறது. அந்தக் கம்பெனியின் கணக்கில் நமது தொழிலாளி 'வராத பிரயாணி'. புயலா, வெள்ளமா என்று அது கேட்காது. பெரிய டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனது போனதுதான். போக வரச் சேர்த்து எடுத்திருந்தால் திரும்பும் டிக்கெட்டும் அநேகமாக ரத்தாகும்.

இதே பிரயாணத்தை ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால்? அப்போதும் புயல் புயல்தான், தாமதம் தாமதம்தான். ஆனால் அவரை ரியாத்தில் கொண்டுபோய் இறக்குவது டிக்கெட் விற்ற கம்பெனியின் பொறுப்பு. அடுத்த விமானத்தில் மேற்கொண்டு பணம் வாங்காமல் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஆள் ஒருவர், ஊர் ஒன்று, புயலும் ஒன்று. காகிதம் மட்டும் வேறு. அந்தக் காகித வித்தியாசத்தில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் மூழ்கிப் போகிறது.

விமானப் பிரயாணம் பணக்காரர் சமாசாரம், அதை ஏன் நம்மிடம் பேசுகிறீர்கள் என்று மில் தோழர் ஒருவர் கேட்கலாம். வளைகுடா விமானங்களில் ஏறுகிறவர்கள் யார் என்று திருச்சி விமான நிலையத்து வாசலில் ஒரு நாள் இரவு நின்று பாருங்கள். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், மில் மூடியதால் வேலை இழந்தவர், காவிரித் தண்ணீர் வராததால் நடவு வேலை கிடைக்காதவர். பத்திரிகை படிக்கிற உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார், அல்லது பக்கத்து வீட்டில்.

இனி பெட்டியின் கதை. ஒரே டிக்கெட்டில் போனால் பெரும்பாலும் புறப்படும் ஊரிலேயே கடைசி ஊருக்குச் சீட்டுக் கட்டி அனுப்பி விடுவார்கள். தனித்தனி டிக்கெட்டானால், நடுவில் இறங்கி, பெட்டி வரும் வரை காத்திருந்து, அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, சில கம்பெனிகளில் அதற்கும் முன்பே, மூடி விடுகிறார்கள். டில்லி போன்ற இடத்தில் ஒன்றாம் முனையம் ஓரிடம், மூன்றாம் முனையம் வேறிடம். நடுவில் ரோட்டில் வண்டி பிடித்துப் போக வேண்டும். மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று காகிதத்தில் பார்த்துத் திருப்திப்படுகிறவர் இதையெல்லாம் கழித்துப் பார்ப்பதில்லை. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் கணக்கு தீர்ந்தது.

எடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் விமானத்தில் 30 கிலோ அனுமதி என்று வைத்துக் கொள்வோம். மும்பையில் இறங்கி, தனியாக வாங்கிய உள்நாட்டு டிக்கெட்டில் ஏறும்போது, சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான். மிச்சம் 15 கிலோவுக்குக் கிலோ கணக்கில் பணம் கட்டு என்பார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த சாமானைக் கவுண்டர் முன்னால் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அவமானம் தெரியும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளிநாட்டுப் பிரயாணத்துக்கான எடையே உள்நாட்டு விமானத்துக்கும் பொதுவாகச் செல்லும்.

விமானம் மாறும் ஊர் வெளிநாட்டில் இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. நிலையத்துக்கு உள்ளேயே விமானம் மாறுகிறவருக்குப் பல நாடுகளில் வீசா தேவையில்லை. ஆனால் பெட்டியை எடுக்க வேண்டுமானால் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதற்கு அந்த நாட்டின் வீசா வேண்டும். கடைசி ஊருக்கு வீசா வைத்திருக்கிறவரிடம் நடு ஊருக்கு வீசா எங்கே இருக்கும்? புறப்படும் இடத்திலேயே ஏற்ற மறுத்து விடலாம். விடுப்பு முடிந்து திரும்புகிறவருக்கோ மறுநுழைவு அனுமதியின் கடைசித் தேதி தலைக்கு மேல் தொங்குகிறது. அவர் இழப்பது டிக்கெட்டை மட்டுமல்ல, வேலையையும்தான்.

அப்படியானால் ஏன் தனித்தனியாக வாங்குகிறார்கள்? மலிவு என்பதால். சில சமயம் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆயிரம் ரூபாய் என்பது ஒரு கூலி விவசாயிக்கு எத்தனை நாள் வேலை! ஆனால் அந்த மிச்சம் பல சமயங்களில் தொழிலாளியின் பைக்கு வருவதே இல்லை. டிக்கெட் செலவு எங்களுடையது என்று சொல்லும் முதலாளியோ, மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்ளும் ஏஜெண்டோ மிச்சத்தை எடுத்துக்கொள்கிறார். அபாயம் மட்டும் பிரயாணியுடையது. ஏஜெண்டு இரண்டு டிக்கெட்டையும் ஒரே காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பார். ஒரே காகிதம் என்பதால் ஒரே டிக்கெட் ஆகிவிடாது. கம்பெனி கொடுத்த பி.என்.ஆர். எண் ஒன்றா இரண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டு இருந்தால், "பெட்டி கடைசி ஊர் வரை போகுமா? முதல் விமானம் தவறினால் அடுத்ததற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். பதிலை எழுதித் தரத் தயங்குகிற ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஜாக்கிரதையாக இரு என்று தொழிலாளிக்குச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. நமது ரயில்வேயைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 1 முதல், இரண்டு ரயில் மாறிப் போகிறவர் இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்துக்கொள்ளலாம், முதல் ரயில் தாமதமாகி அடுத்த ரயில் தவறிப் போனால், போகாத தூரத்துக்கான பணம் திரும்பக் கிடைக்கும். நஷ்டம் என்று எந்நேரமும் ஏசப்படுகிற சர்க்கார் ரயிலுக்கு முடிகிற காரியம், பெரிய விமானக் கம்பெனிகளுக்கு ஏன் முடியாது?

ஐரோப்பாவிலும் ஒரு வழக்கு நடந்தது. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டிலிருந்து அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குப் போன பிரயாணிக்கு, ஒன்றுக்கொன்று சட்டபூர்வத் தொடர்பு இல்லாத கம்பெனிகளின் விமானங்களைப் பிரயாண ஏஜென்சி ஒன்று சேர்த்து, மொத்தமாக ஒரு விலை வாங்கி, ஒரே டிக்கெட்டாகக் கொடுத்திருந்தது. இது ஒரே தொடர் பிரயாணம்தான் என்று 2022 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பது பிரயாணியின் தலைவலி அல்ல என்பதே அதன் பொருள்.

இந்தியா 2009இல் ஏற்றுக்கொண்ட 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையும், பல கம்பெனிகள் சேர்ந்து ஏற்றிச் செல்வதை, சம்பந்தப்பட்டவர்கள் ஒரே காரியமாகக் கருதியிருந்தால், ஒரே பிரயாணமாகவே கொள்கிறது. ஆனால் தனித்தனியாக விற்கப்பட்ட டிக்கெட்டில், 'நாங்கள் அப்படிக் கருதவில்லை' என்று கம்பெனி கைவிரித்து விடுகிறது. ஆகவே இங்கே சட்டம் தெளிவாக வேண்டும். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு, ஊரிலிருந்து வேலை செய்யும் இடம் வரை ஒரே டிக்கெட்தான் வாங்கித் தர வேண்டும். பிரித்து வாங்கினால், நடுவில் அறுந்து போகும் பிரயாணத்துக்கு அவரே பணம் கட்ட வேண்டும்.

ஏற்கனவே ஏமாந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜெண்டு மும்பையில் இருந்தாலும், வழக்கை உங்கள் சொந்த மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு டிக்கெட்டுக்கும் சேர்த்து ஏஜெண்டு ஒரே தொகை வாங்கிய ரசீதைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். வழக்கில் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.