சைடர் விற்க ஒரே கடை!
சுவீடனில் அந்நிய வியாபாரி படும் பாடு

பனையிலிருந்து இறக்கும் சாறு புளித்துக் கள் ஆகிறது. அதே போல, ஆப்பிள் பழச்சாறு புளித்தால் அதற்குச் 'சைடர்' என்று பெயர். பிரான்சு நாட்டின் நார்மண்டியும், இங்கிலாந்தின் சாமர்செட்டும் சைடருக்குப் பேர்போன இடங்கள்.

நார்மண்டி வியாபாரி ஒருவர் தம் சைடரை சுவீடன் நாட்டில் விற்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவர் எந்த மளிகைக் கடைக்கும் போய்ப் பயன் இல்லை. 2.25 சதவீதத்துக்கு மேல் போதைச்சத்து உள்ள சைடரை மளிகைக் கடைகள் விற்கக் கூடாது. மக்கள் அதை வீட்டுக்கு வாங்கிச் செல்ல உள்ள கடை ஒன்றே ஒன்றுதான். அது அரசாங்கத்தின் கடை. பெயர் 'சிஸ்டம்போலாகெட்'. நாடு முழுவதும் அதற்கு 400-க்கு மேற்பட்ட கிளைகள் உண்டு.

ரேஷன் புத்தகம்

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்தது அல்ல. முன்பு சுவீடனில் குடிப்பழக்கம் பல குடும்பங்களைப் பாழாக்கியது. மதுவை அடியோடு ஒழிக்கலாமா என்று 1922-ல் மக்களிடமே ஓட்டு எடுத்தார்கள். மிகக் குறைந்த வித்தியாசத்தில் மதுவிலக்கு தோற்றது. ஆனால் மதுவுக்கு ரேஷன் நீடித்தது. புத்தகம் இருந்தால்தான் சாராயம். எவ்வளவு என்பதும் அதில் குறிக்கப்படும். 1955-ல் ரேஷன் ஒழிந்தது. அதே ஆண்டில் ஊர்தோறும் இருந்த மதுக் கம்பெனிகள் ஒன்றாகி, இன்றைய அரசாங்கக் கடை உருவாயிற்று.

அந்தக் கடையில் 20 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பனை இல்லை. குடித்துவிட்டுத் தள்ளாடி வருபவர்களுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற பேச்சே கிடையாது. அதிகமாக விற்று லாபம் சேர்ப்பது கடையின் நோக்கம் அல்ல என்பதே இதற்குக் காரணம்.

ருசி பார்க்கும் பரீட்சை

சரி, நார்மண்டி வியாபாரி என்ன செய்ய வேண்டும்? 'இன்ன ருசி, இன்ன விலையில் சரக்கு தேவை' என்று அரசாங்கக் கடை முன்கூட்டியே அறிவிக்கும். சுவீடனில் பதிவு செய்துகொண்ட இறக்குமதியாளர்கள் விலையைக் குறித்து, மாதிரிப் புட்டிகளை அனுப்புவார்கள். புட்டியின் பெயர் தெரியாதபடி மறைத்து, ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். உள்நாட்டுச் சரக்கு, அந்நியச் சரக்கு என்ற பேதம் காட்டக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

தேறிய பிறகும் கவலை ஓய்வதில்லை. சரியாக விற்காத சரக்கு அலமாரியிலிருந்து இறங்கிவிடும். கலால் வரியும் கட்டியாக வேண்டும். டப்பாவில் அடைத்தால், காலி டப்பாவைத் திருப்பித் தருவோருக்குக் காசு கொடுக்கும் திட்டத்திலும் சேர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய இங்கிலாந்தின் வியாபாரிக்கு 2021 முதல் சுங்கச் சோதனைத் தொல்லையும் கூடியிருக்கிறது.

கோர்ட்டு ஏறிய கடைக்காரர்

1995-ல் சுவீடன் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 'சரக்கு தடையில்லாமல் போய்வர வேண்டும்' என்பது ஒன்றியத்தின் விதி. அப்படியானால் அரசாங்கம் மட்டும் மது விற்பது முறையா? ஹாரி பிரான்சென் என்ற மளிகைக் கடைக்காரர் வேண்டுமென்றே ஒயின் விற்றார். வழக்கு ஐரோப்பியக் கோர்ட்டுக்குப் போயிற்று.

1997 அக்டோபர் 23-ந் தேதி தீர்ப்பு வந்தது. 'இறக்குமதி லைசென்சுக்கு விதித்த கடும் நிபந்தனைகளும் கட்டணமும் செல்லாது. ஆனால் அரசாங்கம் மட்டும் சில்லரை விற்பனை செய்வதில் தவறு இல்லை' என்றது கோர்ட்டு. அந்நியச் சரக்குக்கு அநீதி செய்யாத வகையில் கடை நடப்பதே அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். அந்தச் சமநீதிதான் கடையைக் காப்பாற்றியது.

புதிய பக்கவாசல்

இப்போது புதிய கேள்வி ஒன்று எழுந்திருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், சுவீடனின் சிறு மது உற்பத்தியாளர்கள் தங்கள் இடத்திலேயே விற்கலாம் என்று தற்காலிகச் சட்டம் வந்துள்ளது. கட்டணம் செலுத்தி, தயாரிப்பு முறையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு மட்டுமே, அளவோடு விற்க வேண்டும். ஆப்பிள் தோட்டம் வைத்துச் சைடர் செய்யும் குடியானவருக்கு இது நல்ல செய்தி. வெளியூரிலிருந்து நாலு பேர் வந்தால், கிராமத்துக்கும் வருமானம் உண்டு.

ஆனால் நார்மண்டி வியாபாரிக்கு சுவீடனில் தோட்டம் ஏது? அவருக்குப் பழைய ஒரே கடைதான். 'எல்லோருக்கும் ஒரே வாசல்' என்று சொல்லித்தான் சுவீடன் தன் கடையைக் காத்துவந்தது. உள்நாட்டாருக்கு மட்டும் பக்கவாசல் திறந்தால் அந்த வாதம் பலவீனம் அடையாதா என்று எதிர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். விற்பனை அளவு சிறியது, கட்டுப்பாடு கடுமையானது, ஆகவே ஆபத்து இல்லை என்கிறது அரசாங்கம்.

ஒரு பக்கம் குடியானவரின் பிழைப்பு. மறுபக்கம் குடும்பங்களைக் காக்க எழுப்பிய வேலி. பக்கவாசல் சிறியதாகவே இருந்தால் இரண்டும் பிழைக்கும். நாளடைவில் அது பெரிதானால், அந்நிய வியாபாரிகள் கோர்ட்டுப் படி ஏறுவார்கள். அப்போது வேலியே நிற்குமா என்பது சந்தேகம்தான்!