சேர்க்கை மட்டும் கற்றலாகுமா?

ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ இணையதளம் வழியே படிக்க, 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிவகுத்தது. வாய்ப்பு பெரிது. ஆனால், இணையவழிப் படிப்புகளில் சேருவோர் பலர்; முடிப்போர் சிலர். ஹார்வர்டும் எம்ஐடியும் ‘எட்எக்ஸ்’ தளத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து, 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, பதிவு செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடத்துக்குள் நுழையவே இல்லை என்றது.

இதை மாணவர்களின் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. காணொலி விளக்குகிறது, ஆனால், எதையும் கேட்பதில்லை. கேள்வி கேட்கப்படாத மாணவர் பார்வையாளராகவே இருந்துவிடுகிறார்.

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் ‘என்பிடெல்’ சான்றிதழ்ப் படிப்புகள் இதற்கு ஓரளவு விடை கண்டுள்ளன. வாரந்தோறும் பயிற்சி வினாக்கள், அவற்றுக்குக் கெடு. அதற்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. இந்த ஒழுங்கு மாணவரை வாரந்தோறும் பாடத்துக்குத் திரும்ப அழைக்கிறது. எனினும், விடைகள் வாட்ஸ்அப்பில் கைமாறத் தொடங்கினால் இந்த ஒழுங்கும் வெறும் சடங்காகிவிடும்.

அதைத் தடுக்கக்கூடியவர் கல்லூரியில் இருக்கும் வழிகாட்டி ஆசிரியரே. ‘இந்த விடை எப்படி வந்தது?’ என்று வாரம் ஒரு மணி நேரம் அவர் கேட்டாலே போதும். மாணவர் யோசிக்கத் தொடங்குவார். அந்த நேரத்தை ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் கல்லூரிகள் சேர்க்க வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையை மறைக்கும் திரையாக இணையவழிக் கல்வியைப் பயன்படுத்தினால், மாணவர்களின் கையில் சான்றிதழ் இருக்கும், கல்வி இருக்காது.