டைல் வெடித்தால் கூலியை வெட்டுவதா?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எழும் மாடி வீடுகளில் டைல் பதிப்பவர்களிலும் சாந்து குழைப்பவர்களிலும் நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அங்கேயும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு வேலைக்குப் போன நமது பெண்களும் இருக்கிறார்கள். குளியலறையில் டைல் இடுக்கு வெடித்து, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிந்தால் பழி இவர்கள் மேல்தான் விழுகிறது. "பதித்தவன் சரியில்லை" என்பார்கள். இல்லாவிட்டால் "வேலைக்காரி ஆசிட் ஊற்றிக் கழுவினாள்" என்பார்கள். அடுத்ததாகச் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்றும் சாக்கு என்றும் சொல்லிக் கிலோவை வெட்டுவது நமக்குப் பழகிய அநியாயம். தராசைத் தொழிலாளி கண்ணால் பார்க்கவேண்டும் என்று கேட்டுப் போராடுகிறோம். குளியலறை ஒழுக்குக்கும் அப்படி ஒரு தராசு உண்டு. அதைப் பாராமல் ஒரு ரூபாயும் வெட்ட விடக்கூடாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். டைல்களுக்கு நடுவே பூசும் சீமெந்துக் கிரவுட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது, ஈரத்தை உறிஞ்சும். தண்ணீரைத் தடுக்கவேண்டியது டைலுக்கு அடியில் பூசும் வோட்டர் புரூபிங் பூச்சு. ஆசிட் கிரவுட்டை அரிக்கும் என்பது உண்மை. ஆனால் அடியிலுள்ள பூச்சு நன்றாக இருந்தால் கிரவுட் வெடித்தாலும் கீழ்வீடு நனையாது. அந்தப் பூச்சுக்குக் காசு செலவழிப்பதா, மிச்சம் பிடிப்பதா என்று தீர்மானிப்பவர் கூலியாள் அல்ல, வீட்டுக்காரரும் கொந்தராத்துக்காரருமே.

சுவரும் தரையும் சேரும் மூலையில் நீளமாக வெடித்திருந்தால், பெரும்பாலும் கட்டடத்தின் சிறு அசைவே காரணம். அந்த இடத்துக்கு வளைந்து கொடுக்கும் சிலிக்கன்தான் பொருத்தம். டைலைத் தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டால் அடியில் சாந்து நிறையவில்லை, அல்லது பிடிவிட்டுவிட்டது. பதித்ததில் குறை இருந்தால் நமது ஆட்கள் அதை ஒப்புக்கொண்டு திருத்திக் கொடுக்கவேண்டும்.

ஒழுக்கைச் சோதிக்கும் முறை இதுதான். சீலிங் விளக்கருகே ஈரம் இருந்தால் முதலில் அந்த மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீற்றரைப் பாருங்கள். அது ஓடினால் எங்கோ குழாய் கசிகிறது. ஓடாவிட்டால், வடிகால் வாயை இறுக அடைத்து, ஷவர் தரையில் கட்டைத் தாண்டாத அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து 24 மணித்தியாலம் விடுங்கள். கீழே ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கட்டும். மட்டம் இறங்கிக் கீழே ஈரம் கூடினால் பூச்சில் குறை. மட்டம் அப்படியே நின்று, அடைப்பைத் திறந்தபின் சொட்டினால் வடிகால் பொருத்தில் குறை. இரண்டும் இல்லையென்றால் சுவரில் மட்டும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். சோதிக்காமல் மேலே புதுக் கிரவுட் பூசினால் கொங்கிறீற்றுக்குள் ஈரம் தங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

சட்டமும் பேசவேண்டிய இடம் இது. தேயிலைத் தொழிலுக்குச் சம்பளச் சபை அமைத்த 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டடத் தொழிலுக்கும் சபை உண்டு. சட்டம் அனுமதிக்காத கழிவைக் கொந்தராத்துக்காரர் சம்பளத்தில் போட முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 12 வீதம் கட்டவேண்டும். ஆனால் தனியார் வீடுகளில் வேலை செய்யும் நமது பெண்களை அந்த நிதியின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே விட்டுவிட்டது. சம்பளச் சபையும் அவர்களுக்கு இல்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. வீட்டு வேலைத் தொழிலாளரை இந்தச் சட்டங்களுக்குள் கொண்டுவரவேண்டும்; அவர்களுக்கான 2011ஆம் ஆண்டின் 189ஆம் இலக்க சர்வதேச தொழிலாளர் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தவேண்டும். அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு, கொழும்பில் வேலை செய்யும் நமது டைல் பாஸ்மாருக்கும் தமிழ்மொழியில் கிடைக்கவேண்டும்.

கொழும்பில் பிள்ளைகள் வேலை செய்யும் குடும்பங்களே, இதை அவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். டைல் பதிக்குமுன் அடிப்பூச்சைப் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பூச்சு வேண்டாமென்று சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் எழுதி வைக்கட்டும். சம்பளம் வெட்டப்பட்டால் அந்தப் படத்தோடும் குறிப்போடும் சங்கத்துக்கு வாருங்கள். தொழில் திணைக்களத்தில் முறையிடுவோம்.