பிளேயரை விட இன்ச் டேப் பெரிது

"மாப்ளே, செகண்ட் ஹேண்டில் ஒரு யுனிவர்சல் பிளேயர் வருது, வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீ உட்காரும் நாற்காலியிலிருந்து பின்பக்க ஸ்பீக்கர் எத்தனை அடியில் இருக்கிறது? பதில் வராது. பிளேயரின் மாடல் நம்பர் மட்டும் மனப்பாடமாக வரும் :-)

என் கட்சி இதுதான் மக்களே. சரியாக அமைக்காத உயர்ந்த பிளேயரை விட, அளந்து அமைத்த சாதாரண பிளேயர் நன்றாகப் பாடும்.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். சிடி, டிவிடியோடு எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ இரண்டையும் பாடும் பெட்டிதான் யுனிவர்சல் பிளேயர். 1999-ல் சோனியும் பிலிப்ஸும் எஸ்ஏசிடியைக் கொண்டுவந்தன. 2000-ல் போட்டிக்கு டிவிடி ஆடியோ வந்தது. சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல். டிவிடி ஆடியோ 5.1 சேனலிலேயே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். எஸ்ஏசிடியில் ஒரே பிட்தான், ஆனால் வேகம் சிடியைப் போல 64 மடங்கு.

இந்த எண்களைக் காட்டித்தான் விற்றார்கள். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இந்த டிஸ்க்குகளின் ஸ்டீரியோ ஒலியை அப்படியே ஒருமுறை, சிடி தரத்துக்குக் குறைத்து ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 தடவையில் 276 தடவைதான் சரியான பதில். காசைச் சுண்டிப் போட்டாலும் இதே அளவு வரும்! சோதனை முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் வித்தியாசம் அவ்வளவு பெரிதென்றால், இப்படித் தடுமாற வேண்டியதில்லையே?

அப்படியென்றால் இந்த டிஸ்க்குகள் வீணா? இல்லவே இல்லை. சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரில் இசை வருவதை யார் காதும் கண்டுபிடிக்கும். சொத்தே அதுதான். அந்தச் சொத்தைத்தான் நாம் அமைப்பில் கோட்டை விடுகிறோம்.

முதல் கோளாறு, பிளேயரின் மெனுவில். பல பிளேயர்களில் எஸ்ஏசிடியை மல்டிசேனலா, ஸ்டீரியோவா, சிடி அடுக்கா என்று தேர்வு செய்ய வேண்டும். ஸ்டீரியோவில் விட்டுவிட்டால் பின்பக்க ஸ்பீக்கர்கள் சும்மா கிடக்கும். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' எஸ்ஏசிடி 2003-ல் 5.1 கலவையோடு வந்தது. அதில் கடிகாரங்கள் உங்களுக்கு முன்னால் மட்டும் அடித்தால் மெனுவைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது, பாஸ். சின்ன ஸ்பீக்கருக்கு 'லார்ஜ்' என்று அமைத்தால், அதனால் தர முடியாத பாஸும் அதற்கே போய்த் தொலைந்துவிடும். 'ஸ்மால்' என்று வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்புவதே நல்லது.

மூன்றாவது, தூரம். ஒலி ஓர் அடி கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் ஆகும். முன் ஸ்பீக்கர் பத்தடியிலும் பின் ஸ்பீக்கர் நான்கடியிலும் இருந்தால், பின்னால் உள்ளது ஐந்து மில்லி செகண்டுக்கு மேல் முந்திக்கொள்ளும். காது முதலில் வந்த ஒலியைத்தான் நம்பும். இதற்குத்தான் இன்ச் டேப். கூடவே டெஸ்ட் டோனைப் போட்டு எல்லா ஸ்பீக்கரும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி வையுங்கள். ஒன்றோடொன்று ஒப்பிட இன்றைய மொபைல் ஆப் போதும்.

இவ்வளவையும் எங்கே அமைப்பது? பழைய பிளேயரிலிருந்து ஆறு அனலாக் கேபிள் போகிறதென்றால் பிளேயரில்தான். பெரும்பாலான ரிசீவர்கள் அந்த ஆறு கேபிளில் வருவதைத் தொடாமல் அப்படியே ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடும். எச்டிஎம்ஐ என்றால் ரிசீவரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவருக்கு எஸ்ஏசிடியின் டிஎஸ்டி புரியாவிட்டால், பிளேயரின் வெளியீட்டை பிசிஎம் ஆக்குங்கள். இரண்டு இடத்திலும் அமைத்தால் இரட்டைத் திருத்தம், இரட்டைக் கோளாறு.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். ஆறு கேபிள் ஏன் வந்தது? நகலெடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், சாதாரண டிஜிட்டல் கேபிள் வழியே இந்த ஒலியை முழுத் தரத்தில் அனுப்ப விடவில்லை. எச்டிஎம்ஐ 1.1-ல் டிவிடி ஆடியோவுக்கும், 2005-ல் வந்த 1.2-ல் எஸ்ஏசிடிக்கும் வழி பிறந்தது. அதற்குள் கூட்டம் எம்பி3 பக்கம் போய்விட்டது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவனைத் திருடன் மாதிரி நடத்திவிட்டு, "மக்களுக்கு நல்ல ஒலி வேண்டாம் போல" என்று சொன்னால் எப்படி?

யுனிவர்சல் பிளேயருக்குப் பேர்போன ஓப்போ டிஜிட்டலும் 2018-ல் புதுப் பிளேயர் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஆனால் டிஸ்க்குகள் இருக்கின்றன. அந்தக் கலவைகளில் சில வேறெங்கும் கிடைக்காது. ஆகவே பழைய பிளேயர் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். நாளை அது பழுதாகி, நீங்கள் அட்மாஸ் ஸ்ட்ரீமிங்குக்கே போனாலும், தூரமும் சத்தமும் அளக்கும் வேலை மாறப்போவதில்லை.

பிளேயருக்குச் சில ஆயிரம். இன்ச் டேப் வீட்டுத் தையல் மெஷின் டிராயரில் சும்மாவே கிடக்கிறது. முதலில் அதை எடுங்கள்.