முத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்

காரைக்காலிலிருந்து முதிய அம்மையார் ஒருவர் சென்ற திங்கள் எமக்குக் கடிதம் விடுத்திருந்தார்கள். அவர்களுடைய மகள் பாரிஸ் புறநகரொன்றில் கணவருடன் வாழ்கிறார், இது தலைப்பேறு. பிறக்கவிருப்பது பெண் மகவு என மருத்துவர்கள் கூறிவிட்டனராம். அதற்கு ‘மார்கெரித்’ எனப் பெயரிடுவதென்று மகளும் மருமகனும் முடிவு செய்திருக்கிறார்கள். “மறுமை நாளில் என் பேத்தியை எந்தக் கூட்டத்தாருடன் அழைப்பார்கள்?” என்று வினவும் அவ்வம்மையார், மருமகனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டதாகவும் எழுதியுள்ளார்கள்.

மார்கெரித் என்பது பிரான்சில் கொள்ளுப்பாட்டிமார் காலத்துப் பெயர். 1900-ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டில் மிகுதியாக இடப்பட்ட பெண் பெயர்களுள் அதுவும் ஒன்று. பின்னர் அருகிப்போய், லூயீஸ், ழான் போன்ற பழம்பெயர்களுடன் இப்பொழுது ஓரளவு மீண்டு வருகிறது. இதனைச் சூட்டியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அங்கு எவருக்கும் இல்லை. நாட்காட்டிகளில் கண்ட பெயர்களையும் பண்டை வரலாற்று மாந்தரின் பெயர்களையுமே பதியலாம் என்று 1803-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. 1993 ஜனவரி 8-ஆம் நாளைய சட்டம் அக்கட்டைத் தளர்த்திவிட்டது. பாத்திமா என்று எழுதிக் கொடுத்தாலும் பதிவலுவலர் ஏற்பார். ஆகவே இது பெற்றோர் தாமாகவே விரும்பித் தெரிந்த பெயர். அவ்விருப்பத்தைத்தான் மார்க்கத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும்.

மறுமையில் நாம் நம் பெயராலும் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவோம். ஆதலின் பெயர்களை அழகாக்கிக் கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூதில் காண்கிறோம். அம்மையாரின் அச்சம் இதிலிருந்தே எழுந்தது. ஆனால் ‘அழகு’ என்று பெருமானார் எதனைக் கொண்டார்கள்? ‘மாறு செய்பவள்’ எனப் பொருள்படும் ஆஸியா என்ற பெயரை ஜமீலா என மாற்றினார்கள். தன்னைத் தானே தூயவள் என்று புகழ்வதாக அமைந்த பர்ரா என்ற பெயரை ஸைனப் என மாற்றினார்கள். இவ்விரண்டும் தூய அரபுப் பெயர்களே! மிஸ்ரிலிருந்து வந்த மாரியா நாயகியாரின் பெயரோ அரபுப் பெயரன்று. கிறிஸ்தவர்களிடையே வழங்கிய பெயர். அதனைப் பெருமானார் மாற்றவில்லை. அந்நாயகியார் வயிற்றில் பிறந்த மகனார்க்குப் பிறந்த இரவிலேயே இப்ராஹீம் எனப் பெயரிட்டார்கள். மொழியைக் காட்டிலும் பொருளையே அவர்கள் நோக்கினார்கள் என்பது இவற்றால் விளங்கும்.

பொருளை நோக்கின், பழைய பிரெஞ்சுப் பெயர்கள் யாவும் ஒரு தரத்தனவல்ல. தெனீஸ் என்பது கிரேக்கரின் மதுத் தெய்வத்தின் பெயர்வழி வந்தது. மார்தீன் என்பதில் ரோமரின் போர்த் தெய்வம் ஒளிந்திருக்கிறது. நொயேல் என்பது கிறிஸ்துமஸ் பண்டிகையையே குறிக்கும். இவற்றுள் ஒன்றை அவர்கள் தேர்ந்திருந்தால், வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதியிருப்போம். மார்கெரித்தோ முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணிற இதழ்களையுடைய ஒரு பூவையும் அவ்வாறே அழைக்கின்றனர். முத்து நமக்கு அயலானதா? திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயம் இறைவனின் அருட்கொடைகளுள் முத்தையும் பவளத்தையும் எடுத்துரைக்கிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் முத்து வாணிபம் செய்தார்கள். பெற்ற பெண்ணைப் பாத்திமுத்து என்று அழைத்தார்கள். ரஸூலுல்லாஹ்வின் திருமகளார் பெயரோடு ஒரு தமிழ்ச் சொல்லை இணைத்ததால் அவர்களுடைய ஈமானில் எள்ளளவும் குறைந்துவிடவில்லை.

இப்பெயரில் கிறிஸ்தவப் புனிதை ஒருத்தி உண்டே என்று உலமாக்கள் சிலர் மறுக்கக்கூடும். பிற சமயத்தார்க்கே உரியனவென்று அறியப்பட்ட பெயர்களைத் தவிர்க்க வேண்டும் என்னும் அவர்களது கூற்று புறக்கணிக்கத்தக்கதன்று. சிலுவைப் போருக்கு வந்து 1250-இல் மிஸ்ரில் சிறைப்பட்ட ஒன்பதாம் லூயி மன்னனின் அரசிக்கும் இதுவே பெயர் என்பதை யாமே அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கலாம்! எனினும், முத்தென்றும் பூவென்றும் பொருள்தரும் ஒரு பெயரை அச்சமயத்திற்கே உரியதென்று எம்மால் கொள்ள முடியவில்லை. வெறுக்கத்தக்கது என்னலாமேயன்றி விலக்கப்பட்டது என்பதற்கில்லை.

எம் மனத்தை உறுத்துவது வேறு. மகள் கூறும் காரணம் ஒன்று, மருமகன் கூறும் காரணம் மற்றொன்று. மொழி தெரியாமல் அங்குப் போய் இறங்கிய முதற் குளிர்காலத்தில், அண்டை வீட்டுப் பிரெஞ்சு மூதாட்டியே மகளைக் கடைக்கும் மருத்துவரிடமும் அழைத்துச் சென்றாராம். அம்மூதாட்டியின் பெயர் இது. மனிதர்க்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்னும் நபிமொழியை அறிந்த நாம் இதில் குறை காண்பதெங்ஙனம்? மருமகனோ, இப்பெயர் இருந்தால் நாளை வேலைக்கு விண்ணப்பிக்கையில் முஸ்லிம் பெண் என்பது தெரியாது என்கிறார். அவரது அச்சம் வீண் அச்சமன்று. ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்த ஆய்வாளர்கள், முஸ்லிம் பெயருடையவை குறைந்த மறுமொழியே பெற்றதைக் கண்டிருக்கிறார்கள். ஆயினும், தன்னை மறைத்துக்கொள் என்பதையா பெற்ற தந்தை முதற் பாடமாகப் புகட்டுவது? தவிரவும், குடும்பப் பெயர் பின்னாலேயே நிற்குமே! அது காட்டிக் கொடுக்காதா?

பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளை பிறந்த 5 நாட்களுக்குள் பெயரைப் பதிந்துவிட வேண்டும். அகீகாவோ 7-ஆம் நாள். நம்மவர் பலர் பதிவேட்டுக்கு ஒன்றும் அகீகாவுக்கு வேறொன்றுமாக இரு பெயர்களை இட்டுவிடுகின்றனர். பிள்ளை பள்ளியில் ஒருத்தியாகவும் வீட்டில் மற்றொருத்தியாகவும் வளர்கிறது. இதனை யாம் விரும்பவில்லை. அந்நாட்டுப் பதிவேட்டில் ஒருவர்க்கு இரண்டு மூன்று பெயர்களை வரிசையாக எழுத இடமுண்டு. பாத்திமா மார்கெரித் என்று அவ்வரிசையிலேயே எழுதி, அகீகாவிலும் அதனையே கூறுமாறு மருமகனுக்கு எழுதியிருக்கிறோம். பாத்திமாவை முன்னே வைக்க அவர் இசைவாராயின், மறைப்பதற்காக அப்பெயரை நாடவில்லை என்பதும் தெளிவாகிவிடும்.

அம்மையாருக்குத் தனியே ஒரு மடல் விடுத்தோம். அந்தப் பெயருக்கு முத்து என்று பொருள் என்பதை அதில் முதல் வரியாக எழுதினோம். பேறுகாலத்திற்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளனவாம். அதற்குள் மருமகனிடம் ஒருமுறையேனும் தொலைபேசியில் பேசிவிடுமாறு வேண்டிக்கொண்டிருக்கிறோம்.